கடைசி ஆள் அவுட் ஆகும் வரை

அண்ணையின் காரில் ஏறி ஒரு விசேஷத்துக்குப் போனீர்களோ, தொலைந்தீர்கள். சாப்பாடு முடிந்து, தாம்பூலப் பையும் வாங்கி, கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பீர்கள். அவர் மண்டபத்துக்குள் உட்கார்ந்திருப்பார். பெண்ணும் மாப்பிள்ளையும் போயிருப்பார்கள். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உறையில் போட்டுக் கட்டியிருப்பார். வேலையாட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வந்து அவருக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமுவார்கள். அப்போதுதான் எழுவார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் தூக்கி அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "இப்பதான் முடிஞ்சது, வாருங்கோ போவம்" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கோவில்பட்டிக்காரி. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள், அடுத்தவர் வரலாம். இதுதான் என் நாள் முழுக்க. தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் இலங்கைக்காரரான அண்ணையின் வீட்டு மாடி அறையில் மூன்று வருஷம் குடியிருந்தேன். டிராமுக்கு நாலு நிமிஷம், மருத்துவமனைக்கு ஒரே பஸ். வீட்டில் அண்ணை, அவர் மனைவியான அக்கா, மகள் ஆரணி. மூன்று பேருமே தங்கம். ஆனால் அவரோடு சினிமாவுக்குப் போனால் திரையில் கடைசி எழுத்து மறையும் வரை எழுந்திருக்க விடமாட்டார். "இவ்வளவு பேர் வேலை செய்திருக்கினம் பிள்ளை, பேரையாவது பாத்திட்டுப் போவம்" என்பார். யார் பெயரையோ நான் ஏன் பார்க்க வேண்டும்? பார்த்தேன். கார்ச் சாவி அவரிடம் அல்லவா இருந்தது!

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்டேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவருடைய அகதி வழக்கு அன்றைய பட்டியலில் கடைசியாக இருந்ததாம். மாலையானதும் வக்கீல், இனி எடுக்க மாட்டார்கள், வேறு தேதி போடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் போகவில்லை.

"எனக்குப் போக என்ன வீடே இருந்தது? ஹீட்டர் வேலை செய்யாத ஒரு அறை. அங்கை போய் விறைக்கிறதுக்கு இங்கையே இருப்பம் எண்டு இருந்தனான். விளக்கை அணைக்கிற நேரம் ஒரு மனிசி எட்டிப் பாத்துது. நான் ஒராள் இருக்கிறன். உள்ளுக்கை கூப்பிட்டுதுகள். அண்டைக்கே கேஸ் வெண்டு முடிஞ்சுது."

"எந்திரிச்சுப் போயிருந்தா?"

"போயிருந்தால் உனக்கு ஆர் இண்டைக்குக் கிழங்குக் கறி வைக்கிறது?" என்றார்.

அதே ஹீட்டர் இல்லாத அறையில் ஒரு பழைய டிவி இருந்தது. அதில்தான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். ஆங்கிலம் புரியாத காலம். ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. இந்த விளையாட்டுக்குக் கடிகாரம் கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு அணிக்கு மூன்று பேர் அவுட் ஆக வேண்டும். கடைசி ஆள் அவுட் ஆகும் வரை, எத்தனை ஓட்டம் பின்தங்கினாலும், தோற்றுவிட்டாய் என்று எவனும் சொல்ல முடியாது. அவருக்கென்றே யாரோ உட்கார்ந்து செய்த விளையாட்டு! முதன்முதலில் பார்த்த ஆட்டத்தில் எந்த அணி தோற்றதோ, அந்த அணிக்கே ஆள் ஆகிவிட்டார். அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஏதோ ஒரு நகரத்து அணி. அந்த நகரத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் "எங்கடை ஆக்கள்" என்றுதான் சொல்வார்.

ஆரணிக்கு நாலு வயதிலேயே அவுட் எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி அவுட்டைச் சொல்கிற உரிமை அவளுக்குத்தான். நடுவர் கை தூக்கினாலும் போதாது. "ஆரணி, சொல்லு பிள்ளை" என்பார். அவள், "அவுட் அப்பா. கடைசி ஆள்" என்பாள். அதன் பிறகுதான் டிவி அணையும். வளர்ந்து, படித்து, பேங்கில் வேலைக்குப் போய், கல்யாணம் நிச்சயமான பிறகும் இது நடந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

நான் சொல்ல வந்தது அந்த வருஷத்தைப் பற்றி. அவருடைய அணி தோற்றது, தோற்றது, தோற்றுக்கொண்டே இருந்தது. வசந்தத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பந்து எறிகிறவர்களில் இரண்டு பேருக்கு முழங்கை போயிற்று. ஜூலைக் கடைசியில் நன்றாக ஆடிய மூன்று பேரை வேறு அணிகளுக்கு விற்றுவிட்டார்கள். அன்றைக்கு அண்ணை இழவு வீட்டில் இருப்பவர் மாதிரிக் கூடத்தில் இருந்தார். தபால் பிரிக்கிற இடத்தில் அவருக்கு விடியற்காலை ஷிப்ட். மதியம் வந்து ஒரு தூக்கம் போட்டால், சாயங்காலம் டிவி முன்னால். அங்கே பகல் ஆட்டமாக இருந்தால் நேரடியாகப் பார்ப்பார். இல்லையென்றால் பதிவு செய்து வைத்து, முடிவு யார் வாயிலிருந்தும் காதில் விழாமல் ஓடி ஒளிந்து, மறுநாள் பார்ப்பார். பத்து ஓட்டம் பின்தங்கியிருந்தாலும் கடைசிவரை பார்ப்பார்.

"அண்ணை, அந்த மைதானத்துலயே ஜனம் எந்திரிச்சுப் போயிடுச்சு. கேமரா காலி சீட்டைக் காட்டுது. நீங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"அதுக்குத்தான். ஆரும் ஒராள் இருக்கவேணும்."

செப்டம்பர் ஆரம்பத்தில் ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனோம். பிள்ளையாருக்கு முன்னால் கை கூப்பி நின்று, எனக்கும் அக்காவுக்கும் ஐயருக்கும் கேட்கிற மாதிரி நேர்த்தி வைத்தார்.

"அப்பனே, எங்கடை ஆக்கள் ஒரு மட்ச் வெல்லும் மட்டும் நான் ஷேவ் எடுக்கமாட்டன்."

அக்கா பாய்ந்தார். "ஐயோ, என்னப்பா இது விசர்க்கதை! மாசக் கடைசியிலை பிள்ளைக்குக் கலியாணம்!"

"நாளைக்கே வெண்டிடுவாங்கள். ஒரு மட்ச்தானே."

நாளைக்கு வெல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பேஸ்பால் தினமும் ஆடுகிற விளையாட்டு. தினமும் தோற்றார்கள். ஒரு வாரத்தில் முள் முள்ளாக இருந்தது, இரண்டு வாரத்தில் தாடியானது. அதுவும் வெள்ளைத் தாடி! மீசைகூட வைக்காத மனிதர். அவர்களுடைய வழக்கத்தில் ஷேவ் எடுக்காத முகம் என்றால் செத்த வீட்டு முகம். கடைக்குப் போனால் தெரிந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரிலை ஆரும் மோசம் போயிட்டினமோ?" என்று கேட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா, விறைப்பான மனிதர், தோர்ண்டன் ஹீத்திலிருந்து அக்காவுக்குப் போன் செய்து, "துடக்கு ஏதும் எண்டால் மறைக்காமல் சொல்லுங்கோ, நாள் மாத்துவம்" என்றே கேட்டுவிட்டார். அக்கா அழுதே விட்டார். சாவுத் தீட்டு உள்ள வீடு என்று சம்பந்தி நினைத்துவிட்டால், மணவறையில் மகள் கையைப் பிடித்துக் கொடுப்பது எப்படி?

ஐயர்கூட ஒரு வழி சொன்னார். ஒரு அபிஷேகம் செய்துவிட்டு நேர்த்தியை இறக்கிவிடலாம் என்றார். அண்ணை கேட்கவில்லை. "சொல்லிப்போட்டு எழும்பிப் போறதோ, ஐயா?" அவ்வளவுதான். ஆரணி மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து, "அக்கா, போட்டோல அப்பா கவலையா இருக்கிற மாதிரி வந்திடுமோ?" என்று என்னிடம் கேட்டாள். அன்றிலிருந்து எனக்கும் பைத்தியம் பிடித்தது. எக்ஸ்ரே அறையில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் போனை எடுத்து ஸ்கோர் பார்த்தேன். நான்!

அர்ச்சனை செய்யலாம் என்றது என் யோசனைதான். யார் பெயருக்கு? அணிக்கு ஏது நட்சத்திரம்? அண்ணைக்கு அந்த அணியில் ஒருவர்மேல் உயிர். நாற்பத்தேழாம் நம்பர் சட்டைக்காரர், பெயர் மைக்கேல். நாற்பது வயதை எட்டப்போகிற, பந்து எறிகிறவர். ஐந்து நாளுக்கு ஒரு முறைதான் எறிவார். அவரைத்தான் யாரும் விலைக்குக் கேட்கவில்லை. பிறந்த தேதி இணையத்தில் இருந்தது. அண்ணை அந்த வருஷத்துப் பழைய பஞ்சாங்கத்தை லண்டன் நேரத்துக்கு மாற்றி இரண்டு நாள் கணக்குப் பார்த்து, அத்தம் என்று கண்டுபிடித்தார்.

ஐயர் தட்டை வாங்கினார். "பேர்?"

"மைக்கேல்."

ஐயர் நிமிர்ந்தார். "நட்சத்திரம்?"

"அத்தம். சிவகோத்திரம்."

சும்மா சொல்லக்கூடாது, ஐயர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. முருகன் காதில் மைக்கேலைக் கணீரென்று போட்டார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "வெள்ளைக்கார மருமகனோ?" என்று ரகசியமாகக் கேட்டார். "அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார் அண்ணை.

மைக்கேல் எறிகிற நாளுக்கெல்லாம் அர்ச்சனை நடந்தது. எறிகிற நாளுக்கெல்லாம் தோற்றார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, மதிய உணவு இடைவேளையில் அந்த மைக்கேலின் அம்மா கொடுத்த பழைய பேட்டி ஒன்றைப் படித்தேன். இரவுச் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்தபோது வலி எடுத்ததாம், ஒரு மணி நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டதாம். பிறந்த ஊர் அமெரிக்காவின் மேற்குக் கரை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே இரவுச் சாப்பாடு என்றால் லண்டனில் மறுநாள் விடியற்காலை!

வீட்டுக்கு ஓடினேன். அண்ணை பஞ்சாங்கத்தை விரித்தார். மறுநாள் காலை அத்தம் முடிந்து சித்திரை தொடங்கியிருந்தது.

"சித்திரை!" என்று கத்தினார். "கடவுளே, இவ்வளவு நாளும் அர்ச்சனை முழுக்க வேறை ஆருக்கோ போயிருக்கு! அத்தத்திலை பிறந்த எந்த மைக்கேலோ எங்கையோ சோக்கா இருக்கிறான்!"

சனிக்கிழமை காலை, பந்தல்கால் வேலை தலைக்குமேல் கிடக்க, நானும் அண்ணையும் திருட்டுத்தனமாகக் கோவிலுக்குப் போய்ச் சித்திரைக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். "மைக்கேல்தானே? இப்ப சித்திரையோ?" என்றார் ஐயர். அன்று மாலை ஐந்து மணிக்கு ஆட்டம். எறிவது மைக்கேல். கல்யாணத்துக்கு முன் அதுதான் கடைசி ஆட்டம்.

ஐந்து மணிக்கு அந்தக் கூடத்தைப் பார்த்திருக்க வேண்டும். பலகாரம் சுட வந்த பெரியம்மாக்கள், மாலை கட்ட வந்தவர்கள், முப்பது பேருக்குக் குறையாது. ஒருவருக்கும் விளையாட்டு தெரியாது. எல்லோருக்கும் தாடி தெரியும். அக்கா புது ரேசரும் நுரை டப்பாவும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக டிவிக்குப் பக்கத்திலேயே நின்றார். "அடிச்சிட்டான், இது நல்லதோ கூடாததோ?" என்று ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கேள்வி. ஆரணி கையில் மருதாணி காயக் காய நின்று விளக்கம் சொன்னாள். மைக்கேல் சும்மா எறியவில்லை. எறிந்து தள்ளினார்! நாலாவது இன்னிங்ஸில் எங்கள் ஆட்கள் ஒரு ஓட்டம் எடுத்தார்கள். ஆமாம், எங்கள் ஆட்கள். நான் நாற்காலிமேல் ஏறிவிட்டேன். ஐந்து முடிந்தது, ஆறு முடிந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம்.

ஏழாவது தொடங்கும்போது மழை பிடித்தது. அங்கே. ஆட்டத்தை நிறுத்தி மைதானத்தைப் பெரிய தார்ப்பாயால் மூடிவிட்டார்கள்.

"ஐயையோ, போச்சு!" என்றார்கள் பெரியம்மாக்கள்.

நான் அவசரமாகப் போனில் விதியைத் தேடினேன். ஐந்து இன்னிங்ஸ் முடிந்த பிறகு மழை விடாவிட்டால், முன்னணியில் இருப்பவர்களுக்கே வெற்றி. அதைச் சத்தமாகப் படித்தேன். லண்டன் மழையைத் திட்டித் திட்டியே காலம் தள்ளுகிற அத்தனை பேரும் அமெரிக்க மழைக்குக் கை கூப்பினார்கள். "கொட்டு அம்மா, நல்லாக் கொட்டு!" ஒரு பெரியம்மா கையில் அரியதரப் பலகாரத்தோடு டிவிக்குக் கும்பிடு போட்டார். கொட்டியது. ஒரு மணி நேரம் கழித்து நடுவர்கள் வந்து ஆட்டத்தை முடித்து வைத்தார்கள். வெற்றி! கூடம் கூரை பிய்ந்துபோகிற மாதிரிக் கத்தியது. அக்கா நுரை டப்பாவை அமுக்கியே விட்டார். ஒரு குவியல் அவர் உள்ளங்கையில் நின்றது.

அண்ணை எழுந்திருக்கவில்லை.

"எழும்புங்கோப்பா! வெண்டாச்சு!"

"கடைசி ஆள் அவுட் ஆகேல்லையே" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாற்காலியோடு தூக்கி அடுக்கில் வைத்திருப்பேன். "அண்ணை, பட்டியல்ல வெற்றின்னு போட்டாச்சு! இதோ பாருங்க!" என்று போனை மூக்குக்கு நேராகக் காட்டினேன். அக்கா நுரையோடு நெற்றியில் அடித்துக்கொண்டார். யார் யாரோ சமாதானம் சொன்னார்கள். அவர் யாரையும் பார்க்காமல் மகளை மட்டும் பார்த்தார்.

"ஆரணி, நீ சொல்லு பிள்ளை. இது வெற்றியோ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவள் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். அத்தனை பேருக்கும் அது தெரியும். அவளுக்குத்தான் மறுநாள் கல்யாணம், அவளுக்குத்தான் அந்த போட்டோ. மருதாணிக் கையை விரித்தபடி டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை அப்பா. கடைசி ஆள் அவுட் ஆகேல்லை."

யாரோ "அடி பாவி" என்றார்கள். ஒருவேளை நானாகவும் இருக்கலாம். அண்ணையின் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆனால் தோக்கவும் இல்லை" என்றாள் ஆரணி. "அரைவாசி வெற்றி. அரைவாசியை எடுங்கோ அப்பா. மிச்சம், ஒழுங்கா வெல்லுற நேரம் எடுக்கலாம்."

தாடி போயிற்று. மீசை நின்றது. அக்காவே வழித்துவிட்டார், திட்டிக்கொண்டே.

மறுநாள் மணவறையில் சம்பந்தி அந்த வெள்ளை மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் கேட்டும் விட்டார். "இது என்ன புதுசா?"

"மழையாலை மிஞ்சினது" என்றார் அண்ணை. அதற்குமேல் விளக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிற போட்டோவில் மீசைக்குக் கீழே அப்படி ஒரு சிரிப்பு. துக்க முகம் என்று எவனும் சொல்ல முடியாது. ராத்திரி அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நான்தான் போனில் பார்த்துச் சொன்னேன். அவருடைய அணி கடைசி ஆட்டத்திலும் தோற்றிருந்தது. அந்த வருஷத்து ஆட்டங்கள் அதோடு சரி. குளிர்காலம் முழுக்க மீசையோடு தபால் பிரித்தார்.

நான் வேறு மருத்துவமனைக்கு மாறி வடக்கே வந்துவிட்டேன். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஆரணி வீடியோவில் கூப்பிட்டாள். மிச்சம் வீட்டுக் கூடம். அப்பா வீட்டுக்குப் புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கையில் ரேசர். புது வருஷத்தின் முதல் நான்கு ஆட்டமும் தோற்றாயிற்று, ஐந்தாவதில் ஒன்பதாம் இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், எங்கள் ஆட்கள் இரண்டு ஓட்டம் முன்னால். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அக்கா நுரையை எடுத்துக்கொண்டு கிட்டே வர, அண்ணை கையால் தடுத்தார்.

"பொறும். இன்னும் ஒராள் கிடக்கு."

பந்து உயரமாகப் போயிற்று. நேரம் எடுத்துக்கொண்டு கீழே வந்தது. ஒருவர் ஓடிவந்து பிடித்தார். நான் இங்கே ஒற்றை ஆளாகக் குதித்தேன். அங்கே அக்கா கத்தினார், மருமகன் கத்தினார். அண்ணை கத்தவில்லை.

"ஆரணி, சொல்லு பிள்ளை."

"அவுட் அப்பா. கடைசி ஆள்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மகளிடம் நீட்டினார்.